இலை விழுந்த தேதியை எங்ககிட்ட கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ரப்பர் இலையுதிர்வு நோய் எப்படிப் பரவும்னு கம்ப்யூட்டர் மாடல் வச்சு கணிக்கிறது பத்தி ஞாயிறு பதிப்புல வந்த கட்டுரையைப் படிச்சேன், ரொம்ப தேவையான விஷயம். கலிபோர்னியாவுல ஓக் மரங்களைக் கொல்ற நோய்க்கு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இப்படித்தான் மாடல் போட்டுப் பார்த்து, மாநிலம் முழுக்க அந்த நோயை ஒழிக்கிற காலம் எப்பவோ தாண்டிப் போச்சுன்னு 2016-ல சொன்னாங்க. ரப்பரைத் தாக்குற இன்னொரு நோயான தென் அமெரிக்க இலைக்கருகல் நம்ம மலேசியா பக்கம் இன்னும் வரல, அதனால அது வந்தா எந்த எல்லை வரைக்கும் மரத்தை வெட்டணும், எங்க மருந்தடிக்கணும்னு இப்பவே மாடல்ல ஓட்டிப் பார்த்துடணும்.

ஆனா மாடலுக்கு தகவல் யார் குடுக்குறது? இங்க பகாவ் பக்கம் எங்க அப்பாவோட மூணு ஏக்கர்ல இலையில வட்ட வட்டமா காவிப் புள்ளி வந்து கொட்டுச்சு, வழக்கமா பிப்ரவரியில உதிர்றதுதானேன்னு விட்டுட்டோம், ரெண்டாவது தடவை துளிர்த்ததும் கொட்டினப்பதான் பயம் வந்துச்சு, அதுக்குள்ள பக்கத்து நிலத்துலயும் பால் குறைஞ்சு போச்சு. நாட்டுல ரப்பர் நிலம் பெரும்பாலும் சிறு தோட்டக்காரங்க கையிலதான் இருக்கு, அதனால இலை படத்தையும் விழுந்த தேதியையும் வாட்ஸ்அப்ல அனுப்ப ஒரு நம்பர் குடுங்க, தமிழ்லயும் பதில் சொல்ல ஆள் போடுங்க.

சிறு தோட்டக்காரர் மகன்,
பகாவ், நெகிரி செம்பிலான்