பன்றிக்குக் காவலிருந்த ராத்திரி

அன்புள்ள மாரி,

ஏல, நீ திட்டி அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டுவிட்டேன். தீபாவளிக்கு ஒரு வாழ்த்து, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, நடுவில் ஆளையே காணோம் என்று நீ சொன்னது அத்தனையும் நிஜம். மதினிக்குக் கண் ஆபரேஷன் நடந்ததைக்கூட சுடலை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். கோமதி வேலை மாறியிருக்கிறாள், பெரியவள் கல்லூரி தேடுகிறாள், சின்னவன் என் உயரத்தைத் தாண்டிவிட்டான். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இரண்டு. போன சனிக்கிழமை ராத்திரி ஒன்று நடந்தது, அதை இங்கே யாரிடமும் சொல்ல முடியவில்லை. இன்னொன்று, உன் கடலைக் காட்டைப் பற்றி சுடலை சொன்ன விஷயம். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன், முதலிலேயே எடுத்தால் நீ கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாய்.

நான் ரைஃபிள் வைத்திருப்பது உனக்குத் தெரியும். விசாவில் இருந்த வரைக்கும் அந்தப் பக்கமே போகவில்லை. வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒன்றிரண்டு விலக்குகளைத் தவிர, விசாவில் இருப்பவன் இங்கே அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன். ஆஸ்டினிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வண்டி ஓட்டினால் கேமரன் என்று ஒரு சின்ன ஊர், அதைத் தாண்டி கூட வேலை பார்ப்பவனின் அப்பாவுக்கு நிலம் இருக்கிறது. எழுபதைத் தாண்டிய பெரியவர், மக்காச்சோளம் போடுகிறார், மாட்டுக்கு வைக்கோல் போடுகிறார். அவர் நிலத்தின் ஒரு மூலையில் ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு கொட்டி, அதற்கு முன்னால் இரும்புத் தகடுகளைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறோம். 200 கஜத்திலிருந்து சுட்டால் முக்கால் நொடி கழித்து 'டிங்' என்று வரும். அந்த முக்கால் நொடிக்காகவே நான் ஒன்றேகால் மணி நேரம் வண்டி ஓட்டுவேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல அழுத்தும்போது ஆபீஸ், கடன், ஒன்றும் தலையில் இருக்காது. என்.சி.சி. முகாமில் பாயிண்ட் டூ டூ ரைஃபிளையும் ஐந்து தோட்டாவையும் கொடுத்துப் படுக்கவைத்தார்களே, அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. உன் ஐந்து குண்டும் என் அட்டையில் விழுந்து, என் அட்டையில் பத்து ஓட்டை எண்ணி அந்த ஹவில்தார் முழித்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சரி, இந்தப் பைத்தியத்தில் என் காது கெட்ட கதைக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் பலகை அடித்த ஒரு பரணுக்குள் உட்கார்ந்து, பன்றி வரும் சத்தம் கேட்க வேண்டுமே என்று காதடைப்பானைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு தடவை சுட்டேன். நாலு பக்கமும் பலகை. அன்றைக்கு ஆரம்பித்த ரீங்காரம் இன்னும் நிற்கவில்லை, இதை எழுதும்போதும் இடது காதில் சில்வண்டு கத்துகிறது. டாக்டர் பரிசோதித்த தாளைக் காட்டினார். கோடு ஒழுங்காகப் போய் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்து எழுகிறது. வெடிச்சத்தம் கேட்டவன் காது இப்படித்தான் இருக்குமாம். வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் குழல் பக்கம் திரும்பியிருக்கும், அதனால் அதுதான் முதலில் போகும். சின்னவன் மாடிப்படியில் நின்று பேசினால் 'ச'வும் 'த'வும் எனக்கு விழுவதில்லை. அவன் இரண்டாம் முறை சொல்லும்போது குரலில் வருகிற சலிப்பு மட்டும் நன்றாக விழுகிறது.

அதற்குப் பிறகுதான் சப்ரஸர் வாங்க வேண்டும் என்று முடிவு பண்ணினேன். எல்லோரும் சைலன்சர் என்பார்கள், ஆனால் சினிமாவில் காட்டுகிற மாதிரி 'புஸ்' என்ற சத்தமெல்லாம் கிடையாது மாரி. ஒரு சாண் நீளத்தில் ஒரு குழாய், உள்ளே வரிசையாகத் தடுப்புகள். குண்டு நடுவில் போய்விடும், பின்னால் வருகிற சூடான வாயு ஒவ்வொரு தடுப்பாக மோதி, விரிந்து, வேகம் குறைந்து வெளியே வரும். உன் பழைய யெஸ்டி பைக்குக்குக் கீழே சைலன்சர் தொங்கியதே, நீ கழற்றி எறிந்துவிட்டு விடியற்காலையில் தெருவையே எழுப்பினாயே, அதே வித்தைதான். சத்தியமாக அதே வித்தை: 1909இல் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஹைரம் பெர்சி மாக்சிம், அதே யோசனையைத்தான் மோட்டார் என்ஜினுக்கும் கொண்டுபோனார். அவருடைய அப்பாதான் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். சுட்டுச் சுட்டு அப்பாவின் காது போய்விட்டது. பிள்ளை சத்தத்தைக் குறைக்கிற குழாயைச் செய்தார். இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை எனக்கு.

என் .308 ரைஃபிளால் சுட்டால் 160 டெசிபலுக்கு மேல். 140 தாண்டினால் ஒரே வெடியில் காது கெடலாம். குழாய் மாட்டினால் கிட்டத்தட்ட 30 குறையும், அதாவது அப்போதும் சத்தம்தான், காதுக்குக் கேடு செய்கிற எல்லையில் கொண்டுவந்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போவதால் காற்று கிழிகிற 'சடார்' அப்படியே இருக்கும், அதைக் குழாயால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. 1934இல் போட்ட சட்டம் இதை இயந்திரத் துப்பாக்கியோடு சேர்த்து வைத்து, ஒன்றுக்கு 200 டாலர் வரி என்றது. கைரேகை, போட்டோ, மத்திய அரசின் அனுமதி, பல மாதக் காத்திருப்பு. வரியை 2026 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து பூஜ்யமாக்கியிருக்கிறார்கள். கைரேகையும் அனுமதியும் அப்படியே இருக்கின்றன, அவை இருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன், யார் கையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆனால் காதைக் காப்பாற்றுகிற சாமானுக்குத் தொண்ணூறு வருஷம் வரி வாங்கினார்களே! பெரியவருக்குப் பக்கத்து நிலத்தில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கிறது. நாங்கள் பழைய மாதிரி சுட்டால் அந்தக் குழந்தை வீறிட்டு அழும். இப்போது அந்த அம்மா வேலிப் பக்கம் வந்து நின்று, இன்றைக்குச் சுடவில்லையா என்று கேட்கிறாள்.

இனிமேல்தான் சனிக்கிழமை.

இங்கே மக்காச்சோளம் விதைக்கிற நேரம் இது. காட்டுப்பன்றிக் கூட்டம் ராத்திரி வந்து, விதைத்த வரிசையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விதையாகத் தோண்டித் தின்றுகொண்டே போகும். காலையில் பார்த்தால் ஆள் வைத்துக் கிண்டியது மாதிரி நேர்கோட்டில் குழி. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பெயின்காரர்கள் 1500களில் கப்பலில் கொண்டுவந்த பன்றி காட்டுக்குள் ஓடிப் பெருகியதுதான் இதன் ஆரம்பம். வருஷத்துக்கு இரண்டு ஈற்றுகூடப் போடும். கூட்டம் பெருகாமல் இருக்கவே ஆண்டுதோறும் மூன்றில் இரண்டு பங்கைப் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். 2019 செப்டம்பரிலிருந்து, நிலத்துக்காரர் சம்மதம் இருந்தால் டெக்சாஸில் காட்டுப்பன்றி சுட வேட்டை லைசென்ஸே வேண்டாம்.

பெரியவரும் நானும் பரணில் இருந்தோம். குழாய் மாட்டிய ரைஃபிள், வெப்பத்தைக் காட்டும் ஸ்கோப், தலையில் எலக்ட்ரானிக் காதடைப்பான். அது மெல்லிய சத்தத்தைப் பெருக்கித் தரும், பெரிய சத்தம் வந்தால் அடைத்துக்கொள்ளும். பதினோரு மணிக்கு மேல் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்தன. ஸ்கோப்பில் வெள்ளை வெள்ளையாகப் பதினொன்று எண்ணினேன். பெரியது ஒன்று, அதன் பின்னால் சின்ன சின்னதாக. தொண்ணூறு கஜம். பின்னால் ஆற்றங்கரை மேடு, அதற்கப்பால் வீடு இல்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சுட்டேன்.

அப்போதுதான் மாரி, முதல் தடவையாக அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. பனம்பழம் விழுமே, 'பொத்'தென்று, அப்படி. இத்தனை வருஷம் வெடிச்சத்தமும் உதையும் காதின் ரீங்காரமும் சேர்ந்து அதை மூடியிருந்திருக்கின்றன. குண்டு ஒரு உடம்பில் போய் விழுகிற சத்தம் என்று ஒன்று இருப்பதே எனக்கு உறைக்கவில்லை. கூட்டம் உடனே ஓடவும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தலையைத் தூக்கி நின்றது. குழாய் வாங்கியதே இதற்காகத்தான், இரண்டாவது, மூன்றாவது குண்டுக்கு நேரம் கிடைக்கும் என்று. பெரியவர் தோளைத் தட்டி, சுடு சுடு என்கிறார். எனக்கோ காதடைப்பான் பெருக்கித் தந்த சத்தம் மட்டும்தான் கேட்கிறது. குண்டு பட்ட அந்தப் பெரிய பன்றி காலை உதைத்துக்கொள்வது, சருகு சரசரப்பது, ஒரு பெருமூச்சு, அப்புறம் இன்னொன்று. அரை நிமிஷம்கூட இருக்காது. மற்றவை ஓடிவிட்டன, குட்டிகளில் இரண்டு திரும்பி வந்து அதன் வயிற்றில் மூக்கை வைத்தன. ஸ்கோப்பில் அந்த மூக்குகள் வெள்ளையாகத் தெரிந்தன. நான் சுடவில்லை.

பெரியவர் கோபப்படவில்லை. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது, அந்த இரண்டும் அடுத்த வருஷம் பன்னிரண்டு ஆகும் என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது கணக்குப்படி சரி. அவர் மட்டுமில்லை, உன் பக்கம் நின்று பார்த்தாலும் அதுதான் சரி. ராத்திரி முழுக்கக் காவலிருந்து விடியும்போது பாதிக் கடலையைத் தோண்டிப் போட்டிருப்பதைப் பார்க்கிறவனிடம் போய் நான் மூக்கைப் பற்றிச் சொல்ல முடியுமா? கையுறை போட்டுத்தான் அறுத்தோம், அந்தப் பன்றிகளில் மனுஷனுக்கும் தொற்றுகிற புருசெல்லோசிஸ் என்ற நோய் உண்டு. கறியை இரண்டாகப் பிரித்தோம், என் பங்கைக் கோமதி மிளகு போட்டு வறுத்தாள். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன், சாப்பிடாமல் விடுவது அதைவிடத் தப்பு என்று தோன்றியது.

வேட்டையை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. குழாயையும் கழற்ற மாட்டேன். ஆனால் அந்தச் சத்தம் கேட்காத காலத்துக்கு இனி என்னால் போக முடியாது. ஒரு மாதம் கழித்துப் பெரியவரோடு சேர்ந்து பட்டி மாதிரி பெரிய கூண்டு ஒன்று போடப் போகிறோம். கூட்டம் முழுவதையும் உள்ளே விட்டுத்தான் கதவை அடைப்பது. சுட்டால் ஒன்றிரண்டு விழும், மிச்சம் சிதறிப்போய் உஷாராகிவிடும், கூண்டுதான் சரிப்படும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். சனிக்கிழமைகளை அதற்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன், தகடு சுடுவது ஞாயிற்றுக்கிழமைக்கு.

சரி, உன் விஷயம். போன வருஷம் நீ, அந்தக் குழாயில் ஒன்று கொண்டுவாயேன் என்று கேட்டாய். முடியாது. நம்ம நாட்டு ஆயுதச் சட்டத்தில் அது தடை செய்த சாமான், கொண்டுவந்தால் இரண்டு பேரும் உள்ளே போவோம். காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வந்த பன்றியை வனத்துறை சுடலாம் என்று 2025இல் தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது, அதுவும் உனக்கு உதவாது என்று தெரியும், உன் வயல் மலையடிவாரத்திலேயே கிடக்கிறது. அதனால்தான் நீ வேறு வழி தேடுகிறாய் என்று புரிகிறது.

ஆனால் சுடலை சொன்னது உண்மையா? மோட்டார் ரூமிலிருந்து கம்பி இழுத்து வேலியில் கரண்ட் கொடுக்கப் போகிறாயாமே?

வேண்டாம் மாரி. கையெடுத்துக் கும்பிடுகிறேன். நான் பரணில் உட்கார்ந்து, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் விசையைத் தொட்டேன், அப்படியும் எனக்கு நாலு நாளாகத் தூக்கம் இல்லை. கம்பி பார்க்காது. பன்றிக்கு வைத்ததில் யானை விழும். ராத்திரி தண்ணி பாய்ச்ச வருகிற உன் தம்பி விழுவான். அடுத்த வயல்காரன் ஆடு தேடி வருவான். பன்றி கடித்தால் வெடிக்கிற அவுட்டுக்காயை வைத்த ஆளைப் பற்றி ஒரு காலத்தில் நீ என்ன பேசினாய் என்று உனக்கே ஞாபகம் இருக்கும். சோலார் வேலி விட்டு விட்டுத்தான் அடிக்கும், உதறும், கொல்லாது. அனுமதி வாங்கிப் போடலாம். செலவு என்றால் என்னிடம் கேள், கடனாகவே வைத்துக்கொள், நீ திருப்பித் தருவாய் என்று எனக்குத் தெரியாதா?

வயலின் சுற்றளவை அளந்து ஒரு வரி எழுது. மலைப்பக்கம் எவ்வளவு, வாய்க்கால் பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாக. கம்பியை இழுத்திருந்தால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கழற்றிவிட்டேன் என்று இன்னொரு வரி. மதினியைக் கேட்டதாகச் சொல், கண்ணுக்கு மருந்து ஒழுங்காகப் போடச் சொல். டிசம்பரில் வருகிறேன்.

உன்,
கணேசன்