குச்சி நட களம் தந்தவர்களுக்கு

ஈரோடு மாவட்டம் சென்னிமலைப் பக்கத்திலிருந்து கல்லூரி மாணவர்கள் ஆறு பேர் எழுதும் நன்றி மடல் இது.

மார்ச் 20 அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும். அன்று எங்களூரிலும் நைரோபியிலும் பெர்லினிலும் மாணவர்கள் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, நண்பகல் நிழலை அளந்தோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட வழிதான்.

முதல் நன்றி களம் தந்த ஆத்தாவுக்கு. வேகவைத்த மஞ்சள் காய்ந்துகொண்டிருந்த சமயம். அதைத் தள்ளிப்போட்டு ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார். "வெயில்ல குச்சிய நட்டுப்போட்டு அதையே பாத்துட்டு நிக்கறீங்களே கண்ணு" என்று சிரித்தவர், எல்லோருக்கும் அரிசிம்பருப்புச் சோறும் ஆக்கிப் போட்டார். அப்புறம் கொத்தனார் அண்ணன். தூக்குக்குண்டு விட்டு நாலு பக்கமும் பார்த்து, குச்சி மயிரிழை சாயாமல் நிறுத்தினார். கூலி கொடுக்கப் போனால் கோபித்துக்கொண்டார்.

எங்களூரில் சூரியன் உச்சிக்கு வந்த 12.27க்கு எங்கள் நிழல் 20 செ.மீ., வடக்கே பார்த்து. நைரோபியில் இரண்டே செ.மீ., அதுவும் தெற்கே பார்த்து! அந்த ஊர் நடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் கைபேசியில் அந்தத் துளி நிழலைப் பார்த்ததும் எங்களுக்குப் பேச்சே வரவில்லை. நைரோபித் தோழர்களுக்கு நன்றி.

பெர்லினுக்கு நண்பகல் வர நமக்கு மாலை 4.44 ஆகிவிட்டது. அங்கே நிழல் 134 செ.மீ. குச்சி உயரத்தையும் நிழல் நீளத்தையும் வைத்து வெயில் சாய்ந்து விழும் கோணத்தைக் கணக்கிட்டால், எங்களூருக்கும் பெர்லினுக்கும் வித்தியாசம் 42 டிகிரி. வடக்கு தெற்காகத் தூரம் சுமார் 4,600 கி.மீ. முழு வட்டம் 360 டிகிரி; தூரத்தை 360ஆல் பெருக்கி 42ஆல் வகுத்தால் சுற்றளவு 39,400 சொச்சம் வருகிறது. உண்மையில் 40,000. பெர்லின் நிழல் நாலு செ.மீ. கூடத்தான். அவர்களுக்கு ஒரு கொத்தனார் அண்ணன் கிடைக்கவில்லை போல.

பெர்லின் தோழர்களிடம் ஒரு மன்னிப்பும் பாக்கி. அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவது எங்களுக்குத் தெரியாது. வாராவாரம் இணையத்தில் அவர்களோடு பேச வழக்கம்போல் எங்கள் நேரம் 7.30க்கு உட்கார்ந்து, யாரும் வரவில்லையே என்று திட்டிவிட்டு எழுந்துபோய்விட்டோம். எங்கள் நேரம் 8.30க்கு அவர்கள் வந்து காத்திருந்திருக்கிறார்கள். இருந்தும் அடுத்த வாரம் முகம் சுளிக்காமல் வந்தார்களே, அதற்குத் தனி நன்றி.

ஆத்தா, குச்சி நட்ட குழி அப்படியே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து மூடி, சாணி போட்டு மெழுகித் தருகிறோம்.