ரைக்கர்ஸ்: ஒரு திருத்தமும் சில சேர்க்கைகளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் உலகின் தீவுச் சிறைகளைப் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். அல்கட்ராஸ், ராபன் தீவு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த கட்டுரையாளர், எங்கள் ஊர் ரைக்கர்ஸுக்கு வந்ததும் நியூயார்க்கின் கொடிய குற்றவாளிகளை அடைத்து வைக்கும் தீவு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தத் தீவுக்குப் போகும் பாலத்திலிருந்து பத்து நிமிட நடையில் பத்தொன்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். அந்த உரிமையில் இந்தக் கடிதம்.

ரைக்கர்ஸில் இருப்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். வழக்கு முடியவில்லை, தீர்ப்பு வரவில்லை. பலர் ஜாமீன் பணம் கட்ட முடியாததால் உள்ளே இருப்பவர்கள். தண்டனை பெற்றவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. அவர்களும் ஒரு வருஷம் அல்லது அதற்குக் குறைவான தண்டனைக்காரர்கள். பெரிய குற்றத்துக்குப் பெரிய தண்டனை வாங்கியவர்கள் மாநிலச் சிறைகளுக்குப் போய்விடுவார்கள். கொலை வழக்கில் விசாரணையில் இருப்பவரும் இங்கே உண்டு, கடையில் திருடியதாகப் பிடிபட்டவரும் உண்டு. இன்னும் குற்றவாளி என்று யாரும் சொல்லாதவர்கள்தான் அங்கே பெரும்பாலோர்.

எங்கள் பக்கத்திலிருந்து க்யூ 100 என்று ஒரு பேருந்து தீவுக்குப் போகும். சில வருஷங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை அதில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி, மடியில் மூன்று வயதுப் பேத்தி. குழந்தைக்கு வெள்ளை கவுன், பளபளவென்று கறுப்பு ஷூ, தலையில் ரிப்பன். கோவிலுக்குப் போகிற மாதிரி இருந்தது. பாட்டி என்னிடம் கால் டாலர் நாணயம் இருக்கிறதா என்று கேட்டார். எதற்கு என்று கேட்டேன். உள்ளே போகுமுன் கையில் இருப்பதையெல்லாம் பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும், அதற்குச் சில்லறை வேண்டும் என்றார். பையில் நான்கு நாணயங்கள் இருந்தன. கொடுத்ததும் ஒரு டாலர் நோட்டை என் கையில் திணித்துவிட்டார். சும்மா வாங்க மாட்டாராம். நம்மூரில் மனு போட்டுப் பார்ப்பது என்போமே, அதேதான். சோதனை, வரிசை, தீவுக்குள் இன்னொரு பேருந்து, மறுபடி சோதனை. ஒரு மணி நேரச் சந்திப்புக்கு ஒரு நாளே போய்விடும். பாலத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் நான் இறங்கிக்கொண்டேன். 'நியூயார்க்கின் மிகத் துணிச்சல்காரர்களின் இல்லம்' என்று அங்கே ஒரு பெரிய பலகை உண்டு. துணிச்சல்காரர்கள் என்றால் கைதிகள் இல்லை, சிறைக் காவலர்கள். அந்தப் பாட்டியைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பலகையில் சின்னத் தகராறு உண்டு.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். கட்டுரையில் அது விட்டுப்போய்விட்டது. 1664 முதல் அந்தத் தீவு ரைக்கன் என்ற டச்சுக் குடியேறிக் குடும்பத்தின் சொத்து. பெயர் மருவி ரைக்கர் ஆனது. அந்த வழியில் வந்த ரிச்சர்ட் ரைக்கர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரின் குற்றவியல் நீதிமன்றத்தில் நீதிபதி. நியூயார்க்கில் பிடிபட்ட கறுப்பின மக்களை, ஓடிவந்த அடிமைகள் என்று சொல்லித் தெற்கு மாநிலங்களுக்கு அனுப்ப வழிசெய்தவர் என்பது அவர்மீது இருந்த குற்றச்சாட்டு. அடிமை முறையை எதிர்த்தவர்கள் அவரையும் அவருடைய கூட்டாளிகளையும் 'கடத்தல் கூட்டம்' என்றே அழைத்தார்கள். உள்நாட்டுப் போரின்போது 1864-இல், அடிமை முறைக்கு எதிராகப் போரிடப் புறப்பட்ட கறுப்பின வீரர்களின் 20-ஆவது படைப்பிரிவு பயிற்சி எடுத்ததும் இதே தீவில்தான்.

1884-இல் நகராட்சி 1,80,000 டாலருக்குத் தீவை வாங்கியது. அப்போது அது 100 ஏக்கருக்கும் குறைவு. இன்று 400 ஏக்கருக்கு மேல். கூடுதல் நிலம் எங்கிருந்து வந்தது? குப்பையிலிருந்து. நகரத்து வீடுகளின் நிலக்கரிச் சாம்பலையும் கழிவையும் படகுகளில் கொண்டுவந்து, கைதிகளை வைத்துக் கொட்டிப் பரப்பி, தீவைப் பெருக்கினார்கள். குப்பைமேடு உள்ளுக்குள்ளேயே கனன்று எரியும், எலிகள் பெருகும். அந்தக் குப்பை மக்கிக் கிளம்பும் மீத்தேன் வாயுத் தொல்லை இன்றுவரை தீரவில்லை. சிறைக் கட்டடங்கள் இந்த மண்ணின் மேல்தான் நிற்கின்றன.

1930-களில் சிறை திறந்தபோது அது முன்மாதிரிச் சிறை என்று பேசப்பட்டது என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதற்கு முன் கைதிகள் இருந்த பிளாக்வெல்ஸ் தீவில் கூட்டம், ஊழல், உள்ளேயே கும்பல் ஆட்சி. அதற்கு மாற்றாகத்தான் ரைக்கர்ஸ் வந்தது. பிளாக்வெல்ஸ் இன்று ரூஸ்வெல்ட் தீவு. கேபிள் காரில் போய்வரலாம், வசந்தத்தில் செர்ரிப் பூ பார்க்க நாங்களே போவோம். சிறை இருந்த சுவடு தெரியாது.

விமானத்தில் லகார்டியா வந்திறங்குபவர்கள் ஜன்னல் வழியாக ரைக்கர்ஸைப் பார்த்திருப்பார்கள். ஓடுபாதையின் நுனிக்கும் தீவுக்கும் நடுவே சில நூறு அடி தண்ணீர்தான். 1957 பிப்ரவரி 1 அன்று, பனிப்பொழிவில் மயாமிக்குக் கிளம்பிய விமானம் ஒரு நிமிஷத்துக்குள் தீவின் மேல் விழுந்தது. 101 பேரில் 20 பேர் இறந்தார்கள். தீப்பிடித்த விமானத்தை நோக்கி ஓடிப்போய் மற்றவர்களை மீட்க உதவியது கைதிகளும் காவலர்களும். அந்தக் கைதிகளில் 30 பேர் பிறகு விடுவிக்கப்பட்டார்கள், மேலும் சிலருக்குத் தண்டனை குறைந்தது. பாலம் 1966-இல்தான் வந்தது என்பதால் அன்று தீவுக்குப் படகு ஒன்றே வழி.

கட்டுரையில் கலீஃப் ப்ரௌடர் பெயரே இல்லாதது எனக்குப் பெரிய குறை. 2010-இல் ப்ராங்க்ஸில், முதுகுப்பை ஒன்றைத் திருடியதாகப் பிடிபட்டபோது அவருக்கு வயது 16. முதலில் 3,000 டாலர் ஜாமீன். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. பிறகு, பழைய வழக்கொன்றின் கண்காணிப்பில் இருந்தவர் என்பதால் ஜாமீனே கிடையாது என்றானது. வழக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தா. குற்றத்தை ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். செய்யாததை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். மூன்று வருஷம் தீவில். அதில் ஏறத்தாழ இரண்டு வருஷம் தனிமைச் சிறை. 2013-இல் வழக்கைக் கைவிட்டு அனுப்பிவிட்டார்கள். விசாரணை நடக்கவே இல்லை. வெளியே வந்தும் மீள முடியாமல் 2015-இல், 22 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ரைக்கர்ஸை மூட வேண்டும் என்ற குரல் ஊரெங்கும் கேட்க ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

2017-இல், முன்னாள் தலைமை நீதிபதி ஜோனதன் லிப்மன் தலைமையிலான ஆணையம் மூடச் சொன்னது. 2019-இல் நகர சபையும் வாக்களித்தது: தீவுக்குப் பதிலாக மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ், ப்ராங்க்ஸ் ஆகிய நான்கு பகுதிகளிலும் நீதிமன்றங்களை ஒட்டியோ அருகிலோ ஒவ்வொரு சிறை. கெடு முதலில் 2026. பிறகு 2027 ஆகஸ்ட் 31. அந்தத் தேதிக்குள் முடியாது என்று லிப்மன் ஆணையமே 2025-இல் சொல்லிவிட்டது. இதற்கிடையில் 2021-இல் 16 பேரும், 2022-இல் 19 பேரும் நகரச் சிறைக் காவலில் இருந்தபோதோ விடுவிக்கப்பட்ட கையோடோ இறந்தார்கள். இது பணம் இல்லாத குறையால் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு கைதிக்கு ஆண்டுக்கு 5,56,539 டாலர் ஆகிறது என்பது நகரக் கணக்கு அதிகாரியின் 2021-ஆம் ஆண்டுக் கணக்கு. நகரை நம்பிப் பயனில்லை என்ற நிலைக்கு வந்து, கூட்டாட்சி நீதிபதி லாரா டெய்லர் ஸ்வைன் 2025 மே மாதம், சிறைகளைச் சீர்செய்யத் தனக்கு மட்டும் பதில் சொல்லும் ஒரு நிர்வாகியை நியமிக்க உத்தரவிட்டார்.

எங்கள் குயின்ஸ் பகுதிச் சிறை வருவது கியூ கார்டன்ஸில், நீதிமன்றத்துக்குப் பின்னால். அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ரைக்கர்ஸ் அநியாயம், மூடத்தான் வேண்டும் என்பார்கள். அடுத்த வாக்கியத்திலேயே, ஆனால் இங்கே ஏன் கட்ட வேண்டும் என்பார்கள். மன்ஹாட்டன் சிறை வரவிருக்கும் சைனாடவுனிலும் பெரிய எதிர்ப்பு. நான் கட்ட வேண்டும் என்கிற பக்கம். இப்போது விடியுமுன் எழுப்பி, பேருந்தில் ஏற்றி, பாலம் தாண்டி நீதிமன்றம் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. வக்கீல் வந்து பார்ப்பதே ஒரு பயணம். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வாய்தாவும் குறையும், அந்தப் பாட்டிக்கும் ஒரு நாள் மிஞ்சும்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. நான்கு புதிய சிறைகளிலும் சேர்த்து சுமார் 4,000 பேருக்குத்தான் இடம். 2020-இல், ஜாமீன் சட்டம் தளர்ந்ததாலும் கொரோனாவாலும் கைதிகள் 4,000-க்குக் கீழே இறங்கினார்கள். பிறகு சட்டத்தை ஒவ்வொரு திருகாக இறுக்கினார்கள்; 2025-இல் எண்ணிக்கை ஏறத்தாழ 7,000. மிச்சம் 3,000 பேரை எங்கே வைப்பார்கள்? வழக்குகளை வேகப்படுத்தாமல், ஜாமீனைச் சரிசெய்யாமல் கட்டடம் மட்டும் எழுப்பினால், தற்காலிகமாக என்று சொல்லித் தீவில் ஒரு மூலையைத் திறந்தே வைப்பார்கள். இந்த ஊரின் 'தற்காலிகம்' எனக்குத் தெரியும். 1992-இல் இடநெருக்கடிக்கு என்று ப்ராங்க்ஸ் கரையில் 800 படுக்கைகளோடு ஒரு மிதவைச் சிறையைக் கொண்டுவந்து கட்டினார்கள். அது காலியானது 2023-இல்.

தீவுக்கு மட்டும் வருங்காலம் அழகாகத் தயாராக இருக்கிறது. 2021-இல் சட்டமே போட்டாகிவிட்டது: சிறைத் துறையின் கையிலிருந்து தீவைப் படிப்படியாக எடுத்து, சூரிய மின்சாரம், மின்கலச் சேமிப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று பயன்படுத்துவதாகத் திட்டம். குப்பைமேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. மீத்தேன் கிளம்பும் மண்ணில் வீடு கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கட்டுரை புத்தகமாக வரும் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அப்போது 'கொடிய குற்றவாளிகள்' என்ற இடத்தில் 'விசாரணைக் கைதிகள்' என்று மாற்றிவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
அஸ்டோரியா, நியூயார்க்

பி.கு.: பாலம் ப்ராங்க்ஸிலிருந்து போவதாகக் கட்டுரையில் வந்திருக்கிறது. தவறு எப்படி வந்தது என்பது புரிகிறது: தீவு நிர்வாகக் கணக்கில் ப்ராங்க்ஸைச் சேர்ந்தது. பாலம் மட்டும் எங்கள் குயின்ஸிலிருந்து.