அந்தப் பொட்டலத்தைக் கட்டியவருக்கு

தஞ்சை ஜில்லாவில் எங்கள் நடைவழியில் உள்ள ஊர்களின் பெரியோர்க்கும் தாய்மார்க்கும் வணக்கம்.

சிறையிலிருந்து வெளிவந்து இன்று மூன்றாம் நாள். உடம்பு தேறியபின் எழுதலாம் என்றார்கள், மனம் பொறுக்கவில்லை.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜகோபாலாச்சாரியார் தலைமையில் ஏறத்தாழ நூறு பேர் உப்பு வரியை எதிர்த்து வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டதும், எங்களுக்குச் சோறோ இடமோ தருபவர் சிறை செல்ல நேரும் என்று ஊர்தோறும் எச்சரிக்கப்பட்டதும் நீங்கள் அறிந்தவையே. அந்த எச்சரிக்கைக்குப் பின்னும் உணவு மரக்கிளைகளில் தொங்கியது. ஆற்றங்கரை மண்ணுக்குள் பானைகளில் காத்திருந்தது.

அவற்றுள் ஒரு பொட்டலத்தைப் பற்றியே நான் சொல்ல வேண்டும். ஒரு விடியற்காலையில் சாலையோரப் புளியமரக் கிளையில், வாழைநாரால் கட்டப்பட்டு, கைக்கு எட்டும் உயரத்தில் அது இருந்தது. பிரித்தபோது மோர் விட்டுப் பிசைந்த சோறும், அதன் ஓரத்தில் தனியாக ஓர் இலைத்துணுக்கில் மடித்த ஒரு சிட்டிகை உப்பும் இருந்தன. சோற்றில் உப்புப் போட மறந்து பின்னர் வைத்தது என்றே முதலில் நினைத்தோம். ஏறத்தாழ 82 ராத்தல் எடை கொண்ட மணங்குக்கு 1 ரூபாய் 4 அணா வரி சுமத்தப்பட்ட உப்பு அது. அந்த வரியை எதிர்த்து நடப்பவர்கள் அதைத் தொடுவார்களோ மாட்டார்களோ என்று எண்ணி, முடிவை எங்களிடமே விட்டிருக்கிறார் என்பது சற்று நேரம் கழித்தே எனக்கு உறைத்தது. எங்கோ கடல் கடந்த ஊரில் அமர்ந்து நம் உப்புக்கு வரி விதிப்பவர்கள் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அகப்பட்டால் சிறை என்ற நிலையிலும், இருட்டில் சோறு கட்டிய ஒருவர், முகம் தெரியாத எங்கள் விருப்பத்தைக் கேட்டிருந்தார்.

மூவர் அந்தச் சோற்றை உப்பில்லாமலே பகிர்ந்து உண்டோம். உப்பை என் துண்டின் முனையில் முடிந்துகொண்டேன். ஏப்ரல் 30 அன்று உப்பளத்தில் உப்பு அள்ளக் குனிந்தபோதும் அது என்னிடம் இருந்தது. சிறைவாசலில் சோதனையிட்டபோது அவிழ்த்துக் கொட்டிவிட்டார்கள்.

எங்களை வரவேற்று விருந்தளித்ததற்காகச் சிறை சென்ற கும்பகோணம் பந்துலு அய்யர் அவர்களுக்கும், வேதாரண்யத்தில் எங்களைத் தாங்கிய வேதரத்தினம் பிள்ளை அவர்களுக்கும், போலீசாருக்குச் சவரம் செய்ய மறுத்த தொழிலாளிக்கும், பானை புதைத்த கைகள் அனைத்துக்கும் என் நன்றி உரியது.

பொட்டலம் கட்டியவரின் பெயரை நான் அறியேன். அறிந்தாலும் இங்கே எழுத மாட்டேன். கால் தேறியதும் அதே சாலையில் வேதாரண்யம் வரை மீண்டும் நடந்து, திரும்பும்போது அந்தப் புளியமரக் கிளையில் வாழைநாரால் ஒரு சிறு முடிச்சைக் கட்டிவிட்டு வருவேன். தாயே, அல்லது ஐயா, கண்ணில் பட்டால் தயங்காமல் எடுத்துச் சோற்றில் கலந்துகொள்ளுங்கள். அது வரி கட்டாத உப்பு.

இப்படிக்கு,
உங்கள் சோறுண்ட தொண்டன்