ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பஸ் அட்டவணை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு ஆங்கில ஆசிரியையாகப் பதவி உயர்வு பெற்றதற்கு வாழ்த்துகள். வாழ்த்தோடு நிறுத்திக்கொள்ள விடாமல் 42 பிள்ளைகள், 14 பெஞ்ச், ஆங்கிலத்தில் வாய் திறக்க ஒருவரும் இல்லை என்று எழுதிவிட்டாய். அதனால் இந்தக் கடிதம் நீளும்.

ஐந்தாம் வகுப்பில் ஓடிய பாட்டும் ஆட்டமும் ஒன்பதில் ஓடாது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வகுப்பு நண்பர்கள் முன்னால் தப்பாகப் பேசுவதைவிடப் பேசாமலே இருப்பது பாதுகாப்பு. 'எழுந்து உன் பொழுதுபோக்கைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்' என்றால் யார் சொல்வார்கள்? பக்கத்தில் இருப்பவனுக்கு அவன் பொழுதுபோக்கு என்னவென்று ஏற்கெனவே தெரியும். கேட்பவருக்கும் அந்தச் செய்தி வேண்டாம், சொல்பவருக்கும் சொல்ல அவசியமில்லை. ஒருவரிடம் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், அது தெரியாமல் வேலை முடியக் கூடாது. நல்ல செயல்பாட்டின் சூட்சுமம் இவ்வளவுதான். மீதியெல்லாம் தாள், நேரம், உட்காரும் இடம் பற்றிய கணக்கு.

இந்தச் சிந்தனைக்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபு நடத்திய சோதனை முயற்சி இதற்கு நெருங்கிய வேலைதான். இலக்கணப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துப் பிள்ளைகளைக் கணக்குப்போட வைத்தார்கள். விடையைத் தேடுகிற மும்முரத்தில் மொழி உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியையாவது சரியாக முடித்தால் அந்த வேலை அந்த வகுப்புக்குப் பொருந்தும் என்று ஓர் அளவுகோலும் வைத்திருந்தார். உன் முதல் மாதத்துக்கு இதுவே போதுமான அளவுகோல். 42 பேரும் முடிக்க வேண்டும் என்று நினைத்தால் மனசு விட்டுப்போகும்.

பஸ் அட்டவணையில் தொடங்கு. உன் பெஞ்சில் மூன்று பேர் என்பது இதற்கு வசதி. கரும்பலகையில் ஒரு கட்டம் போடு: ஐந்து பஸ், ஒவ்வொன்றுக்கும் கிளம்பும் நேரம், சேரும் நேரம், கட்டணம். மொத்தம் 15 கட்டங்கள், எல்லாம் காலி. பிள்ளைகள் அதை ரஃப் நோட்டில் வரைந்துகொள்ளட்டும். பிறகு மூன்று வகைத் துண்டுச்சீட்டு. அ-வில் ஐந்து தகவல், ஆ-வில் வேறு ஐந்து, இ-யில் மீதி ஐந்து. ஒரு பஸ்ஸின் தகவல் முழுவதும் ஒரே சீட்டில் வந்துவிடாதபடி சிதறடி. ஏ-4 தாளை நான்காகக் கிழித்தால் வகைக்கு 4 தாள், மொத்தம் 12 தாள், 48 சீட்டு. ஆறு உபரி கிழிந்துபோனதற்கும் தொலைந்ததற்கும் ஆகும்.

எண்களை யோசித்துப் போடு, விளையாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. உன் ஊரிலிருந்து திருச்சிக்கு என்று வை. முதல் பஸ் 5:40-க்குக் கிளம்பி 9:05-க்குச் சேரும், 115 ரூபாய். இரண்டாவது 6:15, 10:50, 80 ரூபாய். மூன்றாவது 6:50, 10:15, 85 ரூபாய். நான்காவது 7:30, 10:30, 118 ரூபாய். ஐந்தாவது 7:14, 11:05, 80 ரூபாய். கட்டம் நிரம்பிய பிறகு கரும்பலகையில் சிக்கலை எழுது: தாத்தாவுக்குத் திருச்சி கண் ஆஸ்பத்திரியில் 11 மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு 25 நிமிடம். தாத்தாவும் பேத்தியும் போக வேண்டும். கையில் 200 ரூபாய், அதில் ஷேர் ஆட்டோவுக்கு 30 போய்விடும். எந்த பஸ்?

விடை மூன்றாவது பஸ். ஆனால் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதில் மாறி விழுந்தால் மூன்றாவது பஸ் 10:50-க்குப் போய்விடும், அவர்களுக்கு விடையே கிடைக்காது. இரண்டாவது பஸ்ஸிலும் அதே தப்பு நடந்தால் விடை இரண்டாவது பஸ்ஸுக்கு இடம் மாறிவிடும். பக்கத்து பெஞ்சின் விடையோடு மோதும்போது 'திரும்பக் கேளு' என்று அவர்களே சொல்வார்கள். நீ திருத்த வேண்டாம், எண்ணே திருத்தும். ஒரே ஒரு உதவி செய்: 'டீன்' என்று முடிவதில் கடைசி அசை நீண்டு அழுத்தம் பெறும், 'டி' என்று முடிவதில் முதல் அசைதான் அழுத்தம் பெறும். இதை இரண்டு தடவை கைதட்டிக் காட்டினால் போதும்.

அவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள். 'வாட் டைம் த பஸ் லீவ்ஸ்?' என்றுதான் முக்கால்வாசிப் பேர் கேட்பார்கள். தமிழில் 'பஸ் ஏழு மணிக்குக் கிளம்பும்' என்பதில் 'ஏழு'வை எடுத்துவிட்டு 'எத்தனை'யை வைத்தால் கேள்வி தயார், வேறெதுவும் அசையாது. ஆங்கிலத்தில் 'டஸ்' என்று ஒன்று நடுவில் வந்து உட்கார வேண்டும், 'லீவ்ஸ்' தன் வாலை அதனிடம் கொடுத்துவிட வேண்டும். இதை விளக்கி அரை மணி நேரம் போக்காதே. 'வாட் டைம் டஸ் த செகண்ட் பஸ் லீவ்?', 'வென் டஸ் இட் ரீச் திருச்சி?', 'ஹவ் மச் இஸ் த டிக்கெட்?' என்ற மூன்றையும் பலகை ஓரத்தில் எழுதி வை. பாதி கேள்விகள் முடிந்ததும் 'டஸ்' என்ற சொல்லை மட்டும் அழி. இன்னும் கொஞ்சம் கழித்து முழு வாக்கியத்தையும் அழித்துவிடு.

சீட்டைக் கொடுத்த பிறகு விதிமுறை சொல்லாதே. தாள் கைக்கு வந்துவிட்டால் உன் குரல் யார் காதிலும் ஏறாது. முதலில் ஒரு பெஞ்சை முன்னால் அழைத்து இரண்டு கேள்வி செய்து காட்டு. பிறகு 'சீட்டைக் காட்டலாமா?', 'கேட்காத தகவலைச் சொல்லலாமா?' என்று கேள். 'புரிஞ்சுதா?' என்று மட்டும் கேட்காதே, அதற்கு 42 பேரும் ஆமாம் என்பார்கள். நடுவில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்கட்டும். மூவரும் ஒரே வரிசையில் இருந்தால் ஓரத்தில் இருப்பவருக்குக் கேட்காது, கேட்காவிட்டால் சீட்டை எட்டிப் பார்ப்பார்கள். இன்னொன்று, கெட்டிக்காரப் பிள்ளை 'நான் அஞ்சையும் படிக்கிறேன், எழுதிக்கோங்க' என்று ஆரம்பிக்கும். அதோடு செயல்பாடு செத்தது. கேட்டால் மட்டுமே பதில், ஒரு கேள்விக்கு ஒரு பதில். பெஞ்சுக்கு 15 கேள்வி, 10 நிமிடம். சிக்கலுக்கு 5 நிமிடம்.

தமிழ் பேசினால் அபராதம் என்று மட்டும் வைத்துவிடாதே. சீட்டில் இருப்பதைக் கேட்பதும் சொல்வதும் ஆங்கிலத்தில் நடக்கட்டும். எந்த பஸ் என்று வாதாடும்போது தமிழில் வாதாடட்டும், அங்கே மூளைக்கு வேறு வேலை இருக்கிறது. முடிவை மட்டும் 'பிகாஸ்' போட்டு ஒரு வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கச் சொல். பிரபு குழுவேலையை வேண்டுமென்றே தவிர்த்தார். பிள்ளைகள் ஒருவர் தப்பை ஒருவர் கேட்டு அதையே உறுதிப்படுத்திக்கொள்வார்கள் என்பது அவர் கவலை. கவலை நியாயமானதுதான். ஆனால் 42 பேர் வகுப்பில் ஆசிரியரே ஒவ்வொருவரிடமும் பேசினால் 45 நிமிடப் பீரியடில் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் சொச்சம்தான் கிடைக்கும். அதனால் முதல் சுற்றை நீ முழு வகுப்போடும் நடத்து, அதே மாதிரியான இரண்டாவதை பெஞ்சுக்கு விடு. இரண்டு பக்க நன்மையும் கிடைக்கும்.

அடுத்தது ஓட்ட டிக்டேஷன். பெயரைப் பார்த்துப் பயப்படாதே, நடந்தால் போதும். எழுபது சொல்லுக்குள் ஒரு சின்னக் கதை, எட்டு வரி. ஒரு வரியில் ஒன்பது சொல்லுக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் தலையில் சுமந்து வர முடியாது. பெரிய எழுத்தில் நான்கு பிரதி எடுத்து வராந்தாத் தூண்களில் ஒட்டு. மூவரில் ஒருவர் போய்ப் படித்து, நினைவில் வைத்து, வந்து சொல்ல வேண்டும். மற்ற இருவரில் ஒருவர் எழுத, ஒருவர் எழுத்துப்பிழை பார்க்க வேண்டும். இரண்டு வரிக்கு ஒருமுறை ஆள் மாறணும், இல்லாவிட்டால் நன்றாக எழுதும் பிள்ளையே கடைசிவரை எழுதும். 'டி, ஹெச், இ' என்று எழுத்துக்கூட்டிச் சொல்ல ஆரம்பிப்பார்கள், அதை நிறுத்து. ஊர்ப் பெயருக்கும் ஆள் பெயருக்கும் மட்டும் அனுமதி. எட்டாவது வரியை ஒட்டாதே, கதையின் முடிவை அவர்களே எழுதட்டும். பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வரும் நாளில் கதையை உன் மேசையில் வைத்து, மூச்சுக்குரலில் மட்டும் பேசவேண்டும் என்று சொல்லிவிடு. ரகசியம் என்றால் அந்த வயதுக்கு இன்னும் பிடிக்கும்.

சொல் முதலில் வரும் ஒலிக்காக மூன்று நிமிடம் ஒதுக்கு. பன்றியையும் 'பெரிய' என்பதையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'பிக்' தான். நம் எழுத்து அந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை, அதனால் பல பிள்ளைகளின் காதும் அதைத் தேடுவதில்லை. உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய தாள் துண்டைப் பிடிக்கச் சொல். பன்றிக்குத் தாள் ஆட வேண்டும், பெரியதற்கு ஆடக் கூடாது. காது பழகுவதற்கு முன்னாலேயே கண் பிடித்துக்கொள்ளும்.

நீ கேட்ட இலக்கணத்துக்கு வருகிறேன். டிக்டோகிளாஸ் என்று ஒரு முறை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஐந்து வாக்கியம், அறுபது சொல்லுக்குள். இயல்பான வேகத்தில் ஒரு முறை வாசி, யார் கையிலும் பேனா இருக்கக் கூடாது. மறுமுறை வாசிக்கும்போது சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம். அதன்பின் பெஞ்சாகச் சேர்ந்து மொத்தத்தையும் மீண்டும் எழுதவேண்டும். சொல் சொல்லாக நிறுத்தி வாசிக்கும் டிக்டேஷனுக்குப் பழகிய பிள்ளைகள், 'மிஸ், மெதுவா மிஸ்' என்று கெஞ்சுவார்கள். இரங்காதே. மெதுவாகப் போனால் அப்படியே எழுதிவிடுவார்கள், யோசிக்க ஒன்றும் மிஞ்சாது. வேகமாகப் போனால் நோட்டில் 'ஃபார்மர், கோட், லாஸ்ட், ரிவர்' என்று நான்கு கனமான சொல்தான் விழும். 'அ', 'த', 'வாஸ்', வினையின் 'எட்' வால் எல்லாவற்றையும் சொந்தமாகப் போட்டாக வேண்டும். அவர்கள் இலக்கணத்தில் எங்கே ஓட்டை என்று அப்போது தெரிந்துவிடும்.

பெரும்பாலும் ஓட்டை 'அ'விலும் 'த'விலும்தான். அதற்கு விதியை ஒப்பிக்க வைக்காதே. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு ஒரு மகள். அந்த மகளுக்கு…' என்று பாட்டி கதை சொல்வாளே, அதையே பலகையில் எழுது. புதிதாக வரும்போது 'ஒரு', தெரிந்த பிறகு 'அந்த'. நம் நாக்குக்குக் கதையில் இது தெரியும், பேச்சில் விட்டுவிடுகிறது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது (சூரியனுக்கு முன்னால் 'த' ஏன் என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்). ஆனால் கதைக்குக் கை கொடுக்கும். மூலத்தோடு ஒப்பிடும்போது வேறு மாதிரி எழுதியிருந்தாலும் சரியாக இருந்தால் ஏற்றுக்கொள். ஒரு வகுப்புக்கு ஒரே ஓட்டையை அடை.

தப்பு கேட்டதும் குறுக்கே விழுந்து திருத்தாதே. சின்ன நோட்டோடு பெஞ்ச் பெஞ்சாக நட, கேட்டதைக் குறித்துக்கொள். கடைசி ஐந்து நிமிடத்தில் ஐந்து வாக்கியம் பலகைக்கு வரட்டும்: மூன்று தப்பு, இரண்டு நல்லது, யார் பெயரும் இல்லாமல். நல்லதையும் சேர்ப்பது முக்கியம், இல்லாவிட்டால் பலகையில் ஏறினாலே அவமானம் என்றாகிவிடும். கேள்வி கேட்டால் மனதுக்குள் மூன்று எண்ணு. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று விநாடி காத்தாலே பதில்கள் நீளுகின்றன என்றும் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் கண்டது 1970களில். அங்கே தாய்மொழியில் பதில் சொன்ன பிள்ளைகளுக்கே அது தேவைப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு ஐந்தாக வைத்துக்கொள்.

பையனையும் பெண்ணையும் முதல் மாதத்தில் சேர்த்து உட்கார வைக்காதே. கூச்சத்தில் இரண்டு பேருமே ஊமையாகிவிடுவார்கள். சீட்டு வேலை பழகிய பிறகு பெஞ்சுக்கு பெஞ்ச் விடையை ஒப்பிடச் சொல், தானாகப் பேசிக்கொள்வார்கள்.

வாரம் ஒரு பீரியட் இதற்குப் போதும். தேர்வுக்கான பாடத்தை விட்டுவிடுகிறோமே என்ற பயம் வேண்டாம், பாடப்புத்தகப் பத்தியையே தூணில் ஒட்டலாம், டிக்டோகிளாஸுக்கும் அதையே சுருக்கலாம். உன் வகுப்பில் பெஞ்சுகள் எப்படிப் போட்டிருக்கின்றன, கடைசி வரிசைக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஒரு படம் வரைந்து அனுப்பு. ஆ சீட்டை யாரிடம் கொடுப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி