லெந்து நாட்களில் யார் வீட்டுப் படி ஏறுகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் சாம்பல் புதனையொட்டித் தங்கள் நாளிதழில், நெற்றியில் சாம்பல் இட்டுக்கொள்ளும் படம் ஒன்றும், அதன் கீழே கிறிஸ்தவர்கள் இன்று முதல் நாற்பது நாட்கள் அசைவ உணவைத் தவிர்த்து நோன்பு இருப்பார்கள் என்னும் நாலைந்து வரிச் செய்தியும் வெளிவருகின்றன. அதற்குப் பின் எங்களைப் பற்றிய அடுத்த செய்தி பெரும்பாலும் குருத்தோலை ஞாயிறன்றுதான். சொல்லப்பட்டது பிழை என்று நான் வாதிட வரவில்லை. கணக்கில் மட்டும் ஒரு சிறு தெளிவு வேண்டும்: சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாட்கள் வரும், இடையில் வரும் ஆறு ஞாயிறுகளும் உயிர்த்தெழுதலைக் கொண்டாடும் நாட்கள் என்பதால் லெந்து என்று நாங்கள் அழைக்கும் இந்த நோன்புக் காலத்தை, அவற்றைக் கழித்தே நாற்பது நாட்கள் என்கிறோம். ஆனால் பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் தொடங்கிய சீர்திருத்தத்தின் வழிவந்த லுத்தரன் சபைகளுள், மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள ஒன்றின் அங்கத்தினன் என்ற முறையில், இந்நாட்களின் பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றியதே அல்ல என்பதைத் தங்கள் வாசகர்களுக்கும், தங்கள் நாளிதழை நாள்தோறும் வாசிக்கும் எங்கள் சபையாருக்கும் சேர்த்தே எழுத விரும்புகிறேன்.

உணவைப் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் முன்னிலையில் லுத்தரன் தரப்பினர் வாசித்த விசுவாச அறிக்கையின் 26-ஆவது பகுதி, உணவு வேற்றுமைகளைப் பற்றியது. நோன்பு இருப்பதை அது குறை கூறவில்லை. சரீரத்தை அடக்கிப் பழக்க அது உதவும் என்று ஒப்புக்கொள்ளவே செய்கிறது. இன்ன நாளில் இன்ன உணவை விலக்குவதால் கடவுளின் கிருபையைச் சம்பாதிக்கலாம் என்று போதித்து மனச்சாட்சியைக் கட்டிப்போடுவதைத்தான் அது மறுக்கிறது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1522 மார்ச் மாதத்தில், வார்ட்பர்க் கோட்டையின் மறைவிடத்திலிருந்து விட்டன்பர்க் திரும்பிய மார்ட்டின் லூதர், லெந்தின் முதல் ஞாயிறு தொடங்கி எட்டு நாட்கள் தொடர்ந்து பிரசங்கம் செய்தார். அவர் ஊரில் இல்லாத வேளையில், சீர்திருத்த வேகம் கொண்ட சிலர் நோன்பு நாளில் இறைச்சி உண்பதையும் சொரூபங்களை அகற்றுவதையும் எல்லாரும் செய்தே தீர வேண்டிய காரியங்களாக்கி, மனம் தேறாதவர்களைப் புண்படுத்தியிருந்தார்கள். உண்ணும் உரிமை எனக்கு இருந்தாலும், அயலானின் பொருட்டு அதை விட்டுக்கொடுப்பதுதான் அன்பு என்பது அந்தப் பிரசங்கங்களின் சாரம். இந்த வழியில் வந்தவர்கள் என்பதால், எங்கள் ஊரில் நாற்பது நாளும் கவுச்சி தொடாத வீடுகளும் உண்டு, வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு வேளை சாப்பாட்டை விடுகிறவர்களும் உண்டு, கடலோரத்தில் மலிவாகக் கிடைப்பது மீன்தான் என்று வழக்கம்போல் குழம்பு வைப்பவர்களும் உண்டு. ஒருவரை ஒருவர் விசாரிப்பதில்லை. அண்மை ஆண்டுகளில்தான் நாற்பது நாள் உபவாசக் கூட்டம் என்று ஆலய வாசலில் பிளெக்ஸ் பலகை வைக்கும் வழக்கம் எங்கள் பக்கமும் வந்து சேர்ந்திருக்கிறது. பிரசங்கியாரின் முகம் சிலுவையைவிடப் பெரிதாக அச்சிடப்பட்ட பலகையின் கீழ் நின்று அந்தரங்கத்தில் உபவாசம் பண்ணுங்கள் என்னும் வசனத்தை வாசிக்கும்போது எப்படி இருக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விடுகிறேன்.

லெந்து வந்துவிட்டது என்பதை எங்கள் ஆலயத்தில் முதலில் காட்டுவது பீடத்தின் ஊதா விரிப்பு. ஆராதனையில் அல்லேலூயா நின்றுவிடும். திருமணங்கள் ஈஸ்டருக்குப் பிறகு என்று தள்ளிப்போகும். புதன் அல்லது வெள்ளி மாலையில் ஆலயத்தில் ஓர் ஆராதனை நடக்கும். அதில் இயேசுவின் பாடுகளின் சரித்திரம் கெத்செமனே தொடங்கிக் கல்லறை வரை பகுதி பகுதியாக, ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதி என்று வாசிக்கப்படும். நான்கு சுவிசேஷங்களிலிருந்தும் எடுத்து ஒரே வரலாறாகக் கோத்து வாசிக்கும் இந்த முறை, லூதரின் உடனுழைப்பாளரான புகன்ஹாகன் 1526-இல் தொகுத்ததன் வழியாக லுத்தரன் சபைகளில் பரவியது. இதே வட்டாரத்தில், ஜெர்மானிய லுத்தரன் மிஷனரியான சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய எட்டு ஆண்டுகளுக்குள், 1714-இல், நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் தமிழில் அச்சாகி வெளிவந்தன என்பதை நினைத்தால், பாடுகளின் வரலாறு இங்குள்ள வீடுகளுக்குள் போய் மூன்று நூற்றாண்டுகள் கடந்துவிட்டன என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் இந்த ஆராதனைகளைவிட, சபையைச் சபையாக வைத்திருப்பது வீட்டு ஜெபங்கள்தான் என்பது என் எண்ணம். லெந்து நாட்களில் மாலை ஏழு மணி வாக்கில் ஒரு வீட்டில் பாய் விரித்து, தெருவிலுள்ள குடும்பங்கள் கூடும். ஜெர்மானிய மெட்டில் ஒரு ஞானப்பாட்டு, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழியில் ஒரு கீர்த்தனை, ஒரு வேதபகுதி, சபைகுருவோ உபதேசியாரோ அவர்கள் வராத நாளில் ஒரு மூத்த அங்கத்தினரோ கொடுக்கும் சிறு தியானம், பின்னர் ஜெபம். இவ்வளவும் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்த பிறகுதான் உண்மையான கூட்டம் தொடங்கும். சுக்குக் காப்பியும் சுண்டலும் வரும். யார் மகளுக்கு வரன் தட்டிப்போகிறது, யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, கல்லூரிக் கட்டணத்துக்காக யார் நகையை அடகு வைத்தார்கள், எந்த வீட்டுப் பெரியவர் இரண்டு மாதமாகக் கட்டிலை விட்டு எழவில்லை என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அடுத்த நாள் காலையில் மாதர் சங்கத்துப் பெண்கள் இருவர் அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போவார்கள். இதையெல்லாம் வெறும் ஊர்வம்பு என்று ஒதுக்க முடியாது. 1537-ஆம் ஆண்டின் ஸ்மால்கால்ட் விதிகள் என்னும் விசுவாச ஆவணத்தில், சுவிசேஷம் நம்மை வந்தடையும் வழிகளை எண்ணும்போது பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, பாவமன்னிப்பு அதிகாரம் ஆகியவற்றோடு சகோதரர்கள் ஒருவரோடொருவர் உரையாடி ஆறுதல் கூறிக்கொள்வதையும் லூதர் சேர்த்தே எழுதினார். பாயில் உட்கார்ந்து காப்பி குடிக்கும் அந்த அரை மணி நேரத்துக்கு எங்கள் சபையின் விசுவாச ஆவணங்களிலேயே இடம் இருக்கிறது.

இன்று இந்த வழக்கம் பல சபைகளில் தேய்ந்து வருகிறது. தொலைக்காட்சித் தொடர், டியூஷன், வேலை முடிந்து வீடு திரும்பவே எட்டு மணியாகிவிடுவது என்று காரணங்கள் நியாயமானவை. அதற்கு ஈடாக விடியற்காலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் லெந்து தியானம் குரல் பதிவாக வந்துவிடுகிறது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள் அதைக் கேட்கிறார்கள். அது நல்லது, அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. கேட்டுவிட்டுக் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று உள்ளூரில் இருப்பவர்களும் எண்ணிக்கொள்வதுதான் சங்கடம். கட்டிலில் கிடக்கும் பெரியவரின் செய்தி குரல் பதிவில் வராது.

தியானத்தின் உள்ளடக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிறிஸ்துவின் பாடுகளை எப்படித் தியானிப்பது என்று 1519-இல் லூதர் ஒரு சிறு பிரசங்கம் வெளியிட்டார். யூதாஸின் மேலும் யூதர்களின் மேலும் கோபம் கொள்வதோடு நின்றுவிடுகிறவர்கள், பாடுகளின் நினைவைத் தாயத்துபோல் வைத்துக்கொண்டு ஆபத்திலிருந்து காப்பு தேடுகிறவர்கள், இயேசுவுக்காக இரக்கப்பட்டு அழுவதோடு எழுந்து போகிறவர்கள் ஆகிய எவருக்கும் அதனால் பயனில்லை என்றும், இப்பாடுகளுக்குக் காரணம் நானே என்று ஒருவன் தன்னைக் கண்டுகொள்வதே முதற்படி என்றும் அதில் சொல்கிறார். அதே லூதர் முதுமையில் யூதர்களுக்கு எதிராக எழுதிய கொடிய எழுத்துகளை உலக லுத்தரன் சபைகள் பின்னாளில் வெளிப்படையாகத் தள்ளிவிட்டன என்பதையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் பிரசங்கங்களில் இன்றும் முப்பது வெள்ளிக்காசும் பிலாத்து கை கழுவியதும் விரிவாக வருகின்றன. பிரசங்கம் கேட்பவன் தன் கையைப் பார்த்துக்கொள்ளும் இடம்தான் வருவதில்லை.

அப்படிப் பார்த்துக்கொண்டால் தெரிவது என்ன என்பதற்காகவே இந்தக் கடிதம். வீட்டு ஜெபங்களுக்கான பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான சபைகளில் அது தெருவாரியாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர்களில் தெரு என்றால் அது எதைக் குறிக்கும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே பீடத்தின் முன் முழங்காற்படியிடும் இரண்டு குடும்பங்கள், நாற்பது நாட்களில் ஒரு நாள்கூட ஒன்றின் வீட்டுப் படியை மற்றொன்று மிதிக்காமல் லெந்தை முடித்துவிட முடிகிறது. இது நேற்று வந்த குறையல்ல. தரங்கம்பாடி மிஷனின் ஆலயங்களில் ஆதியிலிருந்தே சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் இருந்தது. 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் திரளானோர் எதிர்த்து விலகினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் இவ்விஷயத்தில் கண்டிப்புக் காட்டாத, ஜெர்மனியிலிருந்து வந்த லைப்சிக் மிஷனின் லுத்தரன் சபைகளில் வந்து சேர்ந்தார்கள். எந்தக் கீர்த்தனைகளை இன்று கண்ணீரோடு பாடுகிறோமோ, அவற்றை இயற்றிய வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்கு ஆதரவாக எழுதியவர்தான். பாடலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் வரலாற்றைப் பெருமையோடு சொல்லும் ஆண்டுவிழா மலர்களில் 1706-உம் 1714-உம் பெரிய எழுத்தில் வரும்போது 1833-உம் ஒரு வரியாவது இடம்பெற வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே என் ஆலோசனை எளியது, செலவும் இல்லாதது. வீட்டு ஜெபப் பட்டியலைத் தெருவாரியாகப் போடாமல், சீட்டு எழுதிக் குலுக்கிப் போடட்டும். இன்ன நாளில் இன்ன வீடு, அந்த வீட்டுக்கு வர வேண்டியவர்கள் இன்ன தெருக்காரர்கள் என்று கலந்து வரட்டும். போன இடத்தில் காப்பியைக் குடிக்காமல் வயிறு சரியில்லை என்று தட்டிக்கழிக்கும் பழைய தந்திரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த ஒரு தந்திரத்தை நாற்பது நாளைக்கு விட்டுவிடுவது, மீனை விடுவதைவிடக் கடினமான நோன்பாகப் பலருக்கு இருக்கும். எங்கள் சபையில் இளைஞர் சங்கத்தார் இதை ஒருமுறை முன்வைத்தபோது, நல்ல யோசனைதான், ஆனால் பெரியவர்கள் மனம் கோணக்கூடாதே என்று பதில் வந்தது. பலவீனரைப் புண்படுத்தாதீர்கள் என்ற 1522-ஆம் ஆண்டுப் பிரசங்கங்களையே இதற்குத் துணையாகக் காட்டினார்கள். அந்தப் பிரசங்கங்கள் பாதுகாத்தது, பிறருடைய வற்புறுத்தலுக்கு ஆளானவர்களின் மனச்சாட்சியை. இங்கே தலைமுறை தலைமுறையாகப் பொறுத்துக்கொண்டு வருகிறவர்கள் யார் என்று கேட்டால், மனம் கோணக்கூடாதவர்களின் பட்டியல் வேறாகத்தான் வரும்.

பெரிய வியாழன் திருவிருந்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 25-ஆவது பகுதி, முன்னதாக விசாரிக்கப்பட்டுப் பாவமன்னிப்புப் பெறாதவர்களுக்குத் திருவிருந்து கொடுப்பது எங்களிடம் வழக்கமில்லை என்று கூறுகிறது. அந்த வழியில்தான், திருவிருந்துக்கு முன் சபைகுருவிடம் பெயர் கொடுப்பதும் ஆயத்த ஆராதனைக்கு வருவதும் எங்கள் முன்னோரிடம் இருந்தன. பெயர் கொடுக்கப் போகும் இடத்தில், உனக்கும் உன் அண்ணனுக்கும் வரப்புத் தகராறு தீர்ந்ததா என்று குரு கேட்பார் என்பது எங்கள் வீடுகளில் முதியவர்கள் சொல்லக் கேட்டது. இன்று பெயரைக் கேட்கும் பழக்கம் இருக்குமிடத்தில், பெரும்பாலும் சந்தா பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பதற்கே அது பயன்படுகிறது. திருச்சபைத் தேர்தல்களும் அவற்றைத் தொடரும் நீதிமன்ற வழக்குகளும் தங்கள் நாளிதழிலேயே செய்தியாக வரும் காலம் இது. எதிரெதிர் அணியில் நின்று வழக்காடுகிறவர்கள், பேசாமலேயே அடுத்தடுத்து முழங்காற்படியிட்டு ஒரே பாத்திரத்தில் பங்குபெறுவதை எந்தச் சபைகுருவும் இன்று தடுத்துக் கேட்பதில்லை. கேட்டால் அவருக்கு இடமாற்றல் வரும் என்பதும் உண்மையாக இருக்கலாம்.

லெந்து காணிக்கையையும் குறிப்பிட வேண்டும். முன்பு சமைக்கும்போது தினம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஈஸ்டருக்கு முன் அது ஆலயத்துக்கு வந்து, இல்லாதவர் வீட்டுக்குப் போகும். இப்போது அச்சிட்ட உறை வருகிறது. பணமாக வருவதில் தவறில்லை. ஆனால் அது எங்கே போயிற்று என்று ஈஸ்டருக்குப் பின் ஒரு ஞாயிறு சபையில் வாசிக்க வேண்டும். அரிசியாக இருந்தபோது அது எந்த வீட்டு உலையில் வெந்தது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த லெந்தில் தங்கள் நிருபரைச் சாம்பல் புதன் ஆராதனைக்கும் புனித வெள்ளியின் மூன்று மணி நேரத் தியானத்துக்கும் மட்டும் அனுப்பாமல், தரங்கம்பாடி, பொறையார் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு வாரநாள் மாலை வீட்டு ஜெபத்துக்கும் அனுப்புங்கள். போகும்போது அந்தச் சபையின் வீட்டு ஜெபப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
லுத்தரன் சபை அங்கத்தினன்,
மயிலாடுதுறை மாவட்டம்.