காந்தம் ஒட்டாவிட்டால் 304 ஆகிவிடுமா?

ஆசிரியருக்கு,

கோவையில் பம்ப் உதிரிபாகம் வாங்கும் சின்னப் பட்டறைகளில் இன்னும் காந்தத்தை வைத்துத்தான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைச் சோதிக்கிறார்கள். ஒட்டவில்லையா, 304 ரகம்தான், இறக்கு லோடை! சரி, 202 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒட்டாதே? 304-ல் நிக்கல் குறைந்தது 8 சதவீதம் வேண்டும், 202-ல் 4 முதல் 6 தான், குறைவதை மாங்கனீஸால் ஈடுகட்டியிருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே பளபளப்பு, உப்புத் தண்ணீர் போர்வெல்லில் இறங்கிய பிறகுதான் சாயம் வெளுக்கும். வேடிக்கை என்னவென்றால், குளிர்நிலையில் இழுத்த அசல் 304 கம்பி லேசாகக் காந்தத்தில் ஒட்டும், அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

அப்புறம் டெஸ்ட் சர்டிபிகேட். எங்களுக்கு வந்த ஒன்றில் தேதி மட்டும் புதுசு, ஹீட் நம்பர், அதாவது எந்த உருக்கில் வார்த்தது என்று ஆலை தரும் எண், முந்தைய லோடுடையது. கம்பியில் குத்தியிருக்கும் ஹீட் நம்பரும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? சந்தேகம் வந்தால் ஒரு துண்டு வெட்டி என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோ, அதாவது எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் சோதனை, பார்த்துவிடலாம்.

போல்ட்டுக்கு அதுவும் போதாது. 8.8 ரக போல்ட் என்றால் இழுவிசை வலிமை 800 மெகாபாஸ்கல். வேதியியல் சரியாக இருந்தும் ஹீட் ட்ரீட்மென்ட் (சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்துவது) சொதப்பினால் அந்த வலிமை வராது, ஹார்ட்னஸ் (கடினத்தன்மை) பார்த்தே ஆக வேண்டும்.

எக்ஸ்-கதிரால் உலோகக் கலவையைக் காட்டும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி ஒன்றை ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் பொதுவில் வைத்தால் இந்த 202 ஏமாற்றாவது குறையும். தொழில்துறை கவனிக்குமா?

– பட்டறைக்காரர் ஒருவர், கோவை